ரீகால் வேலை முடிந்தும் மறுபடி எரியும் இன்ஜின் லைட்: தவறு எங்கே, யாரிடம் என்ன கேட்பது?

கம்பெனியிலிருந்து போன் வருகிறது. "சார், உங்க வண்டி ரீகால் லிஸ்ட்ல இருக்கு. பார்ட்டை ஃப்ரீயா மாத்தித் தர்றோம், கொண்டு வாங்க." ஒருநாள் வேலையை விட்டுவிட்டு திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் காரை ஓட்டிப் போகிறீர்கள். சாயங்காலம் பில் கைக்கு வருகிறது: பூஜ்யம் ரூபாய். சந்தோஷமாகத் திரும்பி வந்து ஐந்தாம் நாள், நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்து வண்டியை நகர்த்தும்போது டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மறுபடி போனால், "எரர் அழிச்சு விட்டாச்சு சார், ஓட்டிப் பாருங்க" என்கிறார்கள். பத்து நாளில் திரும்பவும் விளக்கு. திரும்பவும் 60 கிலோமீட்டர்.

ரீகால் செய்யப்பட்ட கார் வைத்திருக்கும் யாருக்கும் வரக்கூடிய நிலைமைதான் இது. இதில் வண்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விளக்கை அணைப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு. காரணம் பார்க்காமல் எரரை அழிக்கும் ஒவ்வொரு தடவையும் பழுதைக் கண்டுபிடிக்க உதவும் தடயமும் சேர்ந்து அழிகிறது. பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற நிலை வந்தால் கையில் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது.

ரீகால் என்றால் என்ன செய்வார்கள்?

ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட பாகத்தில் கோளாறு இருக்கலாம் என்று தெரிந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து அந்தப் பாகத்தை மட்டும் சோதிப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். 'ரீகாலுக்குப் போனோமே, எல்லாம் பார்த்திருப்பாங்க' என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப் பார்ப்பதில்லை. மெக்கானிக்குக்கு வரும் உத்தரவில் எந்தப் பாகம், எந்த வரிசையில் கழற்றுவது, எவ்வளவு நேரம் என்பதுதான் இருக்கும். வேறு எதையும் அவர் தொட வேண்டியதில்லை.

சில நிஜமான ரீகால்களைப் பார்த்தால் புரியும். 2021 செப்டம்பரில் மாருதி சுஸுகி நிறுவனம் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் கார்களில் 1,81,754 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை அவை. மாற்ற வேண்டியது மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற பாகம். சிக்னலில் நின்ற இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரியை சார்ஜ் செய்வதும் அதன் வேலை.

அந்த அறிவிப்பில் டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருந்தது. பாகத்தை மாற்றும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டாதீர்கள், மின்சார, எலக்ட்ரானிக் பாகங்கள் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்றார்கள். மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும் என்றார்கள். நவம்பரில் தண்ணீர் தேங்காத ரோட்டுக்கு திருவாரூர் மாவட்டத்தில் எங்கே போவது? வெண்ணாறும் வெட்டாறும் ஓடம்போக்கியும் நிறைந்து ஓடும் மாதம் அது. அந்த வருஷமோ வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருஷம்.

2023 ஆகஸ்டில் மஹிந்திரா நிறுவனம் எக்ஸ்யூவி 700 கார்களில் 1,08,306 வண்டிகளை அழைத்தது. இன்ஜின் பகுதியில் போகும் ஒயர் கட்டு உராய்ந்து அறுபட வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. 2025 நவம்பரில் மாருதியின் கிராண்ட் விட்டாரா கார்களில் 39,506 வண்டிகள் அழைக்கப்பட்டன. இந்தத் தடவை கோளாறு விளக்கிலேயே: பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் அதன் எச்சரிக்கை விளக்கும் சரியான நிலையைக் காட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். ஒன்றில் சுழலும் இயந்திரம், ஒன்றில் ஒயர், ஒன்றில் மீட்டர். இவற்றில் எந்த வேலைக்குப் போனாலும் உங்கள் வண்டியின் ஆக்ஸிஜன் சென்சாரையோ ஸ்பார்க் பிளக்கையோ யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சர்வீஸ் சென்டரில் எரியாத லைட் வீட்டுக்கு வந்ததும் ஏன் எரிகிறது?

'அவங்ககிட்ட இருக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு' என்பது எல்லோரும் சொல்வது. இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது.

நம் நாட்டில் கார்களில் ஓபிடி-2 எனப்படும் தன்-கண்காணிப்பு முறை 2013 ஏப்ரலிலிருந்து கட்டாயம். வண்டியின் கணினி, அதாவது ஈசியு, சென்சார்கள் சொல்வதை ஓடும்போதே பரிசோதித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஏதோ ஒரு தடவை ஒரு அளவு தப்பினால் உடனே விளக்கைப் போட்டுவிடாது. பல பழுதுகளில் முதல் பயணத்தில் தென்பட்டதை 'நிலுவை' என்று குறித்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு எரியும். சில பரிசோதனைகள் இன்ஜின் முழுதாக ஆறி, பிறகு சூடாகி, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் நடக்கும்.

ரீகால் வேலையின்போது பேட்டரியின் ஒயரைக் கழற்றுவது சகஜம். கடைசியில் ஸ்கேனர் போட்டு எல்லா எரரையும் அழிப்பதும் சகஜம். அதோடு ஈசியு செய்து முடித்திருந்த பரிசோதனைகளும் அழிந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பழுது உள்ளேயே இருந்தாலும் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வண்டிக்கு நாலைந்து நாள் ஆகலாம். சர்வீஸ் சென்டர்காரர் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து 'ஓகே' என்பதில் பொய் இல்லை. அந்த இரண்டு கிலோமீட்டரில் பரிசோதனை நடக்கவே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்தடுத்து மூன்று பயணங்களில் அந்தப் பழுது தென்படாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். அணைந்த பிறகும் கோடு நினைவில் இருக்கும், இன்ஜின் ஏறத்தாழ 40 முறை சூடாகி ஆறும்வரை. ஆகவே 'இப்பத்தான் எரிஞ்சுது, இங்க வந்ததும் அணைஞ்சிடுச்சு' என்று நீங்கள் சொன்னால், 'லைட் இல்லையே சார்' என்று வண்டியைத் திருப்பித் தருவது சரியான பதில் ஆகாது. ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

எரிவது ஒரே சீராகவா, விட்டு விட்டா?

இதை முதலில் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு ஒரே சீராக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால், நிதானமாக ஓட்டி அருகிலுள்ள இடத்தில் காட்டலாம். விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் இன்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அந்தப் பாகம் விலை அதிகம். அதைவிட, அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே கதிரும் வைக்கோலும் பரப்பியிருக்கும் ஊர் நம்முடையது. வைக்கோல் கன்வெர்ட்டரில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். சிமிட்டும் விளக்கோடு ஓட்டவே கூடாது. வைக்கோல் இல்லாத வெறும் தரையாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்குகளும் இப்படித்தான்: உடனே நிறுத்து என்று பொருள்.

காரணம் எங்கெல்லாம் இருக்கலாம்?

ரீகாலுக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஏழு வயதான காரில் ஆக்ஸிஜன் சென்சார் தேய்வது இயல்பு. ரீகாலுக்கு முன்னாலேயே நிலுவையில் இருந்த பழுது அழிக்கப்பட்டு, பிறகு தலைகாட்டியிருக்கலாம்.

வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்த எதையாவது கலைத்திருக்கலாம். நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு பாகத்தை வெளியே எடுக்க நாலு கனெக்டரைக் கழற்ற வேண்டும், இரண்டு ரப்பர் குழாயை இழுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது கனெக்டர் 'க்ளிக்' என்று உட்காராமல் போனால், குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால், எர்த் ஒயரின் போல்ட் இறுக்கம் குறைந்திருந்தால், பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது மட்டும் பழுது வந்து போகும். கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடியவை இவை. ரீகாலுக்குக் கழற்றிய இடத்தைச் சுற்றி ஒரு தடவை கனெக்டர்களைப் பாருங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

புதிய பாகத்தோடு ஈசியு மென்பொருளும் மாற வேண்டியிருக்கும். அது விடுபட்டாலும் விளக்கு வரும்.

பிறகு நம் ஊர்க் காரணங்கள். மழையில் தண்ணீருக்குள் போன வண்டியில் கனெக்டரில் ஈரம் தங்கிப் பச்சை பிடிக்கும். வயலை ஒட்டி வீடு இருந்தால் எலி. அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலி கதகதப்பான இன்ஜின் அறைக்கு வந்து ஒயரைக் கடிக்கும். எலி கடித்தது தெரிந்தால் வாரண்டி கிடைக்காது என்று சொல்லிவிடுவார்கள். கடித்த ஒயர் ரீகால் வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் வழக்கு இன்னும் சிக்கல். ஆகவே காரை விடும்போது பானெட்டைத் திறந்து இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது புதிதாக ஒரு பதிலும் வந்திருக்கிறது: "எல்லாம் இ20 பெட்ரோலால சார்." 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்ஸிஜன் கூடுதல். அதற்கு ஈடாக ஈசியு பெட்ரோல் அளவைக் கூட்டிக்கொள்ளும். கூட்டும் அளவு எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்படும் பி0171 போன்ற கோடு வரலாம். ஆனால் அதே கோடு காற்றுக் குழாயில் ஓட்டை இருந்தாலும் வரும், பெட்ரோல் பம்ப் சோர்ந்தாலும் வரும். எந்தக் கோடு என்றே பார்க்காமல் இ20 என்று சொல்வது ஊகம்.

மாற்றிய பாகமே பழுதாக இருக்குமா?

இருக்கலாம். 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா நிறுவனம் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவதற்காக 90,468 கார்களைத் திரும்ப அழைத்தது. பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரில் கோளாறு, நாளடைவில் இன்ஜின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பது காரணம். அந்த அறிவிப்பில் 2,204 பழைய வண்டிகளும் இருந்தன. முன்பு எப்போதோ இந்தப் பம்ப்பை ஸ்பேர் பார்ட்டாக வாங்கிப் பொருத்திய வண்டிகள் அவை. புதுசு என்று நினைத்துப் போட்ட பம்ப்பையே திரும்ப மாற்ற வேண்டி வந்தது.

மின்சாரக் காரிலும் இது நடந்திருக்கிறது. கியா இந்தியா 2024 ஜூலையில் இவி6 கார்களில் 1,138 வண்டிகளை அழைத்தது. சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ஐசிசியு என்ற பாகத்துக்கு மென்பொருள் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் அதே பாகத்துக்காக, அதே தயாரிப்புக் காலத்தைச் சேர்ந்த 1,380 வண்டிகளுக்கு மறுபடி அழைப்பு, மறுபடி மென்பொருள். முதல் ரீகாலுக்குப் பிறகும் ஒரு பிரச்சினை தொடரலாம் என்பதை நிறுவனங்களே இப்படி நடைமுறையில் ஒப்புக்கொள்கின்றன.

இதில் பெரிய உதாரணம் ஃபோக்ஸ்வாகன். டீசல் புகைச் சோதனையில் ஏமாற்றும் மென்பொருள் 2015-ல் அம்பலமான பிறகு, இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3.23 லட்சம் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் அறிவித்தது. ஐரோப்பாவில் மென்பொருள் மாற்றிய பிறகு வார்னிங் லைட் எரிகிறது, இழுவை திடீரென்று குறைகிறது, புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு அடைத்துக்கொள்கிறது என்று வண்டிக்காரர்கள் புகார் செய்தார்கள். மென்பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. ஆனாலும் ஐரோப்பாவில், மென்பொருள் மாற்றிய கார்களில் குறிப்பிட்ட பாகங்களில் வரும் புகார்களைக் கவனிக்க 'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை' என்ற பெயரில் தனி ஏற்பாடு கொண்டுவந்தது. தனித்தனியாக வந்தபோது ஒவ்வொருவருக்கும் 'உங்க வண்டி பழசு' என்று பதில் சொல்லிவிடலாம். புகார்கள் ஒரே மாதிரி சேர்ந்து குவிந்தபோது அது முடியவில்லை.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

லைட் எரிந்த உடனே ஓடிய கிலோமீட்டரும் விளக்கும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அப்போது மழையா, ஏசி போட்டிருந்ததா, எவ்வளவு வேகம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று போனிலேயே இரண்டு வரி. வெளியில் தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் கோடைப் படிக்கச் சொல்லலாம். ஆனால் "படிங்க, அழிக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ரீடரும் போதும்.

விளக்கு எரியும்போது கூடவே ஈசியு அந்த நொடியின் நிலவரத்தையும் பதிவு செய்துகொள்ளும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். வேகம், இன்ஜின் சூடு, பெட்ரோல் கூட்டிக் குறைத்த அளவு எல்லாம் அதில் இருக்கும். விட்டு விட்டு வரும் பழுதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எரரை அழித்தால் முதலில் போவது இதுதான்.

ஜாப் கார்டு போடும்போது சர்வீஸ் அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதப் பார்ப்பார். அதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. 'இன்ன தேதியில் ரீகால் வேலை நடந்தது, அதற்குப் பிறகு இத்தனையாவது தடவையாக இன்ஜின் லைட் எரிகிறது' என்று எழுதச் சொல்லுங்கள். அழிப்பதற்கு முன் கோடு எண்ணும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிரிண்டர் இல்லை என்றால் ஸ்கேனர் திரையை போட்டோ எடுங்கள். ரீகாலின் எண், மாற்றிய பாகத்தின் எண், மென்பொருள் புதுப்பித்தார்களா என்பதும் பில்லில் வர வேண்டும். பூஜ்யம் ரூபாய் பில்தானே என்று யாரும் பத்திரப்படுத்துவதில்லை. ரீகால் வேலை நடந்ததற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

வண்டியை எடுக்கும்போது எரரை அழித்துத்தான் தருவார்கள், அது நடைமுறை. கேட்க வேண்டிய கேள்வி, "எதைச் சரி பண்ணிட்டு அழிச்சீங்க?" என்பது. பதில் ஜாப் கார்டில் எழுத்தில் இருக்கட்டும்.

சட்டம் எதுவரை உதவும்?

நம் நாட்டில் 2012-லிருந்து ரீகால் என்பது சியாம் எனும் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தன்னார்வ விதியாகத்தான் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ பிரிவு வந்தது. மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம்; நிறுவனம் வண்டியின் விலையைத் திருப்பித் தரலாம், அல்லது வேறு வண்டி தரலாம், அல்லது பழுது நீக்கித் தரலாம் என்கிறது அது. கட்டாய ரீகாலுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

காகிதத்தில் பலமான சட்டம். ஆனால் அரசு தலையிட ஆண்டு விற்பனையைப் பொறுத்து இத்தனை புகார் வந்திருக்க வேண்டும் என்று விதி எண்ணிக்கை வைத்திருக்கிறது. புகாரை வாகன் தளத்தில் உள்ள ரீகால் பகுதியில் பதிய வேண்டும். வண்டி ஏழு வயதுக்குள் இருக்க வேண்டும். 2018-ல் தயாரான கார்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு ரீகால் வேலை போதுமானதாக இருந்ததா என்பதையே தனியாக விசாரிக்கும். இங்கே சர்வீஸ் சென்டரில் சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவரின் புகார் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தளத்தில் பதிந்தால்தான் ஏறும்.

தனி மனிதருக்கு உடனடியாக உதவக்கூடியது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பின் அலுவலகம் இருக்கும் ஊருக்கோ பிரச்சினை நடந்த ஊருக்கோ அலைய வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் தஞ்சாவூரிலும் கம்பெனி டெல்லியிலும் இருந்தாலும் திருவாரூர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வாங்கிய விலை 50 லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம்வரை கட்டணம் கிடையாது, 10 லட்சம்வரை 200 ரூபாய், 20 லட்சம்வரை 400 ரூபாய். சொந்தப் பிழைப்புக்காக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுபவரும் நுகர்வோர்தான். வணிகப் பயன்பாடு என்று சொல்லி அவரை ஒதுக்க முடியாது.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். கோபத்தில் 'புது வண்டி கொடு' என்று கேட்கிறோம். 2006-ல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதைப் பற்றியது, முழு வண்டியை மாற்றுவதைப் பற்றியது அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உற்பத்திக் குறைபாடு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைவிட எளிது, செய்த வேலையில் குறைபாடு என்று கேட்பது. பழுதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், அலைந்த செலவையும் வேலை கெட்ட நாட்களுக்கான இழப்பையும் தர வேண்டும் என்று கேட்கலாம். ஒரே கோடு எண் மூன்று ஜாப் கார்டுகளில் வரிசையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

காலக்கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். 'அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்' என்று சொல்லிச் சொல்லியே அதில் பாதி போய்விடும். இரண்டாவது தடவை விளக்கு எரிந்ததுமே சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில், கோடு எண்ணையும் ஜாப் கார்டு எண்ணையும் போட்டு எழுதிவிடுங்கள்.